நன்றி! மீண்டும் வருக

ஜனவரி 9

அன்பு மாப்பிள்ளைக்கு மாமாவின் கடிதம்.

நான், உன் அத்தை, உன் அம்மா மூன்று பேரும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்காலில் கொஞ்சம் வலி. "அது வலியில்லக்கா, மகன் வேலைக்குப் போன பூரிப்பு முழங்கால்ல இறங்கிருச்சு" என்றேன். கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால் வலி ஒன்றும் பெரிதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உடம்பு தேவலையா?

வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்கமாட்டேன். பிடிக்காமல் எங்கே போகும்? நகரத்திலேயே பெரிய மரச்சாமான் கடை, மூன்று மாடி நாற்காலி, கட்டில், பீரோ. அதன் வாசலில் யார்? என் அக்கா மகன். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். காது கேட்காத தையற்காரரிடம் எழுதியே காட்டினேன். உன் முதலாளி ஒற்றைக் கதவுக் கடை வைத்திருந்தபோது அவருக்கு முதல் போர்டு எழுதியவன் நான். என் எழுத்தின் ராசியில்தான் மாடி மாடியாக ஏறினார். அதை அவரே ஒப்புக்கொள்வார், ஆனால் நீ கேட்டுவிடாதே.

உன்னைப் பற்றி அவருக்கு எழுதிய கடிதத்தில், மலை உச்சியில் தனி ஆளாக நின்று எதிரியை ஓர் அடிகூட ஏறவிடாதவன் என்று ஒரு வரி சேர்த்தேன். படையில் லாரி ஓட்டினேன் என்று நீ சொன்னாய். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. லாரி ஓட்டினான் என்று எழுதினால் எந்தக் கடைக்காரன் வாசலில் நிறுத்துவான்? காலி இடம் கிடந்தால் அதில் ஒரு பூவாவது போடுவதுதான் போர்டு எழுதுகிறவன் தர்மம்.

வாசல் பலகை பார்த்தாயா? "நாட்டைக் காத்த கை, நமக்குக் கதவைத் திறக்கிறது. நன்றி சொல்வோம்!" வாசகமும் என்னுடையது, எழுத்தும் என்னுடையது. பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்புக்கு மேல் தாங்காமல் வெளியே விட்டதற்கு இப்போது வருத்தப்படும்.

பதக்கங்களைப் பல்பொடி போட்டுத் துடை, பளபளக்கும். பதில் எழுது.

உன் மாமா

*

பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மா, அத்தை, நீங்கள் நலமா? அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடை திறந்ததிலிருந்து மூடும்வரை வாசலில் நிற்கிறேன். கதவைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். உள்ளே போகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு நன்றி சொல்கிறார்கள். வெளியே வரும்போது மறுபடியும் சொல்கிறார்கள். சிலர் பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறார்கள். பிள்ளை சொல்லும்வரை நகர்வதில்லை. பிள்ளை என் முகத்தைப் பார்த்து அழுகிறது. சிலர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் சிரிக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. கூட்டத்தில் சிலர் சொல்வது எனக்குத் தெரிவதில்லை. அவர்களுக்குச் சிரிக்காமல் விட்டால் கோபம் வருகிறது.

ஓர் உதவி, மாமா. சாமான் கொண்டுபோகிற வண்டியின் டிரைவர் வேலையை விட்டு நிற்கப்போகிறார். அந்த வேலை எனக்கு வேண்டும். நானே கேட்டேன். "உன்ன மாதிரி ஆள வண்டிக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொல்றியா?" என்று முதலாளி சிரித்தார். நீங்கள் எழுதினால் கேட்பார். பக்கத்துச் சீட்டுக்கு ஆள் தேவையில்லை, சாமானை நானே இறக்கிக்கொள்வேன் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு
மருமகன்

*

பிப்ரவரி 21

அன்பு மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சௌக்கியம். வெந்நீர் ஒத்தடம் நடக்கிறது. துணி பிழிகிற வேலை என்னுடையது, திட்டுவது உன் அம்மாவுடையது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நன்றி சொல்கிறார்கள் என்று புகார் எழுதுகிற முதல் ஆள் நீதான். இந்த ஊரில் பாதிப்பேர் என் போர்டைப் படித்துத்தான் வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒருத்தன் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்கு அம்புக்குறி போட்டவன் நான். எத்தனை அவசரத்தில் எத்தனை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்! யாருமே சொல்லவில்லை, மாப்பிள்ளை. உனக்கு உட்கார்ந்த இடத்தில், சரி, நின்ற இடத்தில் கிடைக்கிறது.

வண்டி விஷயமாக எழுதுகிறேன், எழுதுகிறேன். நல்ல நேரம் பார்த்து எழுத வேண்டும். அதற்குள் இனிப்பான சங்கதி ஒன்று. கடையின் ஆண்டு விழாவுக்கு வாசலுக்கு மேலே பெரிய போர்டு வைக்கிறார்கள். உன் படம் போட்டு! எழுதப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? உன் போட்டோவைப் பார்த்து வரைய ஆரம்பித்துவிட்டேன். முகம் கொஞ்சம் சாதுவாக இருந்ததால் முறுக்கு மீசை வைத்திருக்கிறேன். பின்னால் மலை. அந்த மலையில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமா

*

ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே எல்லோர் நலமும் எழுதுங்கள்.

போர்டு லாரியில் வந்து சேர்ந்தது. மாட்டிவிட்டார்கள். நான் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே. வருகிறவர்கள் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை பார்த்துவிட்டு "மீசை எங்கங்க?" என்று கேட்கிறார்கள். முதலாளி என்னை மீசை வளர்க்கச் சொல்லிவிட்டார். வளர்க்கிறேன்.

மாமா, போர்டில் என் படத்துக்குக் கீழே "நன்றி!" என்று எழுதி அதற்கும் கீழே "மீண்டும் வருக" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எதிரே டயர் கடை. பஞ்சர் ஒட்டுகிறவன் என் வயதுதான், அதே சண்டையில் இருந்து வந்தவன். ஒரு கால் கட்டைக்கால். போர்டு ஏறிய அன்று ரோட்டைத் தாண்டி வந்தான். ரொம்ப நேரம் படித்தான்.

"மீண்டும் வருகவாமே! நான் வரலப்பா சாமி, வேற யாரையாச்சும் கூப்பிடச் சொல்லு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வந்தபிறகு உத்தரவு இல்லாமல் சிரித்தது அன்றுதான்.

"அங்க என்ன வேல உனக்கு?"

"தண்ணி லாரி."

"மலையெல்லாம் போட்டிருக்கு?"

"எங்க மாமா போட்டது."

"நான் பார்த்தவரைக்கும் அங்க ஒரு மேடுகூட இல்லையேடா." உள்ளே எட்டிப் பார்த்தான். "மூணு மாடி நாற்காலி வச்சிருக்கான், உனக்கு ஒண்ணு போடமாட்டானா?"

"உக்காந்தா வீரன் மாதிரி இல்லையாம்."

யாராவது நன்றி சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று கேட்டேன். "காத்து அடிக்கணுமான்னு கேப்பேன், போயிருவாங்க" என்றான்.

எனக்குக் கேட்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை, மாமா. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது. வண்டி ஓட்டியதற்கா, வண்டியோடு திரும்பி வந்ததற்கா? பக்கத்துச் சீட்டில் இருந்தவன் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

மலை இல்லை. சமவெளி. அதற்கு மேல் கேட்காதீர்கள். வண்டி வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. தயவு செய்து எழுதுங்கள்.

மருமகன்

*

ஏப்ரல் 25

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே யாவரும் நலம், உன் கடிதம் வரும்வரை நானும் நலம்.

"மீண்டும் வருக" விஷயம். எத்தனை கடை வாசலில் எழுதிய கை இது! "நன்றி" என்று முடித்தவுடன் அடுத்த வரிக்குக் கை தானே போய்விடுகிறது. மாட்டு வண்டி வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. அதைக் குற்றமாகப் பிடிக்கலாமா? கடைக்குத்தான் மீண்டும் வரச் சொல்கிறது, சண்டைக்கா சொல்கிறது? பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்?

வண்டி வேலை பற்றி முதலாளிக்கு நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். கோபித்தாலும் சரி. மலையைக் காத்தவன் என்று சொல்லி அனுப்பிய ஆளை மெத்தை இறக்கப் போடுங்கள் என்று எந்த முகத்தோடு எழுதுவேன்? தங்குவதற்கு மாடியில் அறை கொடுத்திருக்கிறார். உன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர். ஊரே உன்னைக் கும்பிடும்படி உயரத்தில் வைத்திருக்கிறார். அவருக்கு நன்றி காட்டவேண்டியது நீதான், மாப்பிள்ளை. இப்போது போய் வேண்டாம் என்றால் நன்றி கெட்டவன் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் நம் குடும்பத்தில் இதுவரை யாரும் வாங்கியதில்லை.

மீசை எந்த அளவில் இருக்கிறது? நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவு.

மாமா

*

ஜூன் 3

அன்பு மாப்பிள்ளைக்கு,

சுகம். நீ சுகமா? பதில் வரவில்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் தற்செயலாக வாசலில் நிற்கிறேன். அவரும் தற்செயலாக இல்லை என்கிறார். நேற்று "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, வேணும்னா நானே ஒண்ணு எழுதித் தரவா?" என்று கிண்டல் வேறு.

உன் அம்மா கேட்டால் கடிதம் வந்தது, நல்லாயிருக்கானாம் என்று சொல்லிவிடுகிறேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். மீசை முழுசாக வளர்ந்துவிட்டது, அமைச்சர் ஒருவர் வந்து கை கொடுத்தார் என்று சொல்லி வைத்தேன். எந்த அமைச்சர் என்று அத்தை கேட்டாள். பெயர் தெரியாத அமைச்சர் என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொந்தச் சரக்கை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? நீ இரண்டு வரி போடு. திட்டியாவது போடு.

மாமா

*

ஜூன் 20

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நலம். தங்கள் நலம் அறிய விரும்புகிறேன்.

வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. தங்க இடம் கிடைக்கச் செய்ததற்கு நன்றி. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. சிறு வயதில் என்னை வளர்த்ததற்கு நன்றி. போர்டு எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. தாங்கள் எழுதிய கடிதங்களுக்கும் நன்றி.

வேலை நன்றாக இருக்கிறது. வண்டி ஓட்டுவது பற்றி இனி எழுதமாட்டேன்.

மிக்க நன்றி.

*

ஜூன் 28

மாப்பிள்ளை,

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

என்ன கடிதம் அது? நன்றியாம்! யாருக்கு, எனக்கா? என் தோளில் ஏறி என் காதைப் பிடித்து வண்டி ஓட்டியவன் நீ. என் சட்டைப் பையில் மூத்திரம் போனவன் நீ. அப்போதெல்லாம் நன்றி சொன்னாயா? சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன். நம் வீட்டில் யார் யாருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம்? கூட்டத்தில் பேசுகிறவன்தான் அதைச் சொல்வான், அதுவும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "ஒண்ணும் தப்பா எழுதலையே" என்றாள். நானும் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒன்றும் தப்பில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதற்கு என்ன பதில் சொல்வது? நின்று சிரிக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

போர்டில் அந்த இரண்டு வார்த்தையை எடுக்கச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். யாரோ சிரித்தார்களாம். ஏணியும் பெயிண்ட்டுமாக நானே வருகிறேன்.

மாமா

*

ஆகஸ்ட் 5

அன்பு மாப்பிள்ளைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேருந்தில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்து நாலு பேர் எழுந்து நின்றார்கள். சரி, ஒருவர். அவரும் இறங்கவேண்டிய இடம் என்று எழுந்தார். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா நீ இளைத்திருக்கிறாயா என்று கேட்டாள், மீசையில் எடை கூடியிருக்கிறது என்றேன்.

கீழே நின்றவனுக்கு மேலே இருந்து பார்த்ததைச் சொல்ல வேண்டாமா, அதற்காக எழுதுகிறேன். ஏணி மேல் இருக்கிற பெயிண்டரை யாரும் ஆளாக மதிப்பதில்லை, தெரியுமா? விளக்குக் கம்பம் மாதிரி. அதனால் எல்லாம் காதில் விழுந்தது. "சொல்லுடா, மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு, சொன்னாத்தான் ஐஸ்கிரீம்." "ஏங்க, எத்தனை பேரச் சுட்டிருப்பாரு?" "கேளேன்." "நீங்க கேளுங்க." உன்னோடு படம் எடுத்த அம்மா, படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எடுங்க, இவரு கண்ண மூடிட்டாரு" என்றாள். நீ மூடித்தான் வைத்திருந்தாய், மாப்பிள்ளை. மேலே இருந்து பார்த்தேன். ஒவ்வொருத்தர் வரும்போதும் மூடிவிட்டுத் திறந்தாய். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான். அதிலிருந்து உன் பூட்ஸ் நகரவே இல்லை.

நீ ஏணியைப் பிடிக்க வந்தபோது, "மாப்ளே, சின்ன பிரஷ்ஷ எடு" என்றேன். நீ எடுக்கவில்லை. ரோஷம் என்று நினைத்தேன். மறுபடியும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அப்புறம் உன் வலது பக்கம் சாய்ந்து சாதாரணமாகச் சொன்னேன், எடுத்துக் கொடுத்தாய். உன் இடது பக்கம் சாய்ந்து, "மாப்ளே, என்னத் திட்டுடா" என்றேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

லீவில் வந்தபோது நான் கூப்பிட்டு நீ திரும்பாமல் போனதையெல்லாம் "பட்டாளத்துக் கெத்து" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கத்துச் சீட்டு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். லாரிகளில் நிறைய எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய மனிதர் இடது பக்கமாக வந்து நன்றி சொல்லி, நீ திரும்பாததால், "திமிரப் பாரு" என்று முதலாளியிடம் போனாரே, அப்போதுதான் நான் இறங்கினேன். முதலாளியிடம் என்ன பேசினேன் என்று கேட்டாய், சொல்லாமல் வந்துவிட்டேன். காதைப் பற்றிச் சொன்னேன். அதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. மலையை நம்பிய மனுஷன்! அப்புறம் வேறு வழியில்லாமல், "இன்னிக்கு ஒரு கஸ்டமர் கோச்சுக்கிட்டாரு, நாளைக்குப் பத்துப் பேரு, கடைக்குத்தான் கெட்ட பேரு. அதே ஆளு வண்டியில போனா ஊர் முழுக்க ஓசி விளம்பரம்" என்றேன். இதை உடனே நம்பினார். பதக்கத்தோடுதான் ஓட்ட வேண்டும், "இந்த வண்டியை ஓட்டுபவர் போர்வீரர், நன்றி சொல்லுங்கள்" என்று வண்டிக்குப் பின்னால் எழுத வேண்டும் என்றார். என்னால் முடிந்தது அவ்வளவுதான், மாப்பிள்ளை. வாசலிலிருந்து வண்டி வரைக்கும்தான் என் வாய் எட்டியது.

ஆனால் பிரஷ் என் கையில் இருந்ததே! நீ சட்டை மாற்ற மாடிக்குப் போனபோது வண்டியை எழுதி முடித்தேன். முதலாளி சொன்ன வரியைச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புக் கலரில் எழுதினேன். பார்க்க ஜோராக இருக்கும், முதல் மழைக்கு நிற்காது. அதற்குக் கீழே என் சொந்தச் செலவில், முதல்தரமான எனாமல் பெயிண்ட்டில், உனக்காக ஒரு வரி எழுதியிருக்கிறேன். எல்லா வண்டியிலும் இருப்பதுதான், முதலாளி சந்தேகப்படமாட்டார். "இடைவேளை விட்டு வரவும்." எவனும் உன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டான். எழுத்து எப்படி என்று நீயே பார்த்துச் சொல். என் ஆயுளில் எழுதியதில் அதுதான் உசத்தி என்று தோன்றுகிறது.

போர்டு முழுவதும் வெள்ளை அடித்துவிட்டேன். அடிப்பூச்சு காய வேண்டும், காய்ந்ததும் வந்து எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது எப்போது காயும் என்பது எனக்கும் அந்தப் போர்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

பதிலில் அந்த வார்த்தையை மட்டும் எழுதிவிடாதே.

உன் மாமா

*

செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தைக்கு என் விசாரிப்பு.

வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது, பழகிவிட்டேன். பக்கத்துச் சீட்டில் தலையணை மூட்டையை வைத்து பெல்ட் போட்டிருக்கிறேன். மீசையை எடுத்துவிட்டேன். முதலாளி இரண்டு நாள் பேசவில்லை. வீட்டு வாசல்களில் பதக்கத்தோடுதான் இறங்க வேண்டும். அங்கே சொல்கிறார்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சொல்கிறார்கள், கையை எடுக்கவும் முடியாது, போகவும் முடியாது. ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறவரைக்கும் ரோடு இருக்கிறது.

போன வாரம் மழை பெய்தது. முதலாளி வரி கரைந்து போய்விட்டது. உங்கள் வரி அப்படியே இருக்கிறது.

மாமா, சாலையில் இரண்டு வண்டிக்கு நடுவில் விடுவது இடைவெளி. நீங்கள் எழுதியிருப்பது இடைவேளை. சினிமாக் கொட்டகையில் விடுவது. பின்னால் வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். கண்ணாடியில் பார்க்கிறேன். யாரும் கிட்டே வருவதில்லை, படிப்பதற்காகவே பின்தங்கி வருகிறார்கள். டயர் கடைக்காரன் வண்டிக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இடைவேளையா? அப்ப மீதிப் படம் இன்னும் இருக்குடா!" என்றான். பிறகு சிரிப்பு அடங்கி, அவன் கடையிலிருந்து ஒரு பழைய நாற்காலியை எடுத்து வந்து போட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாறி மாறி உட்கார்ந்தோம்.

முதலாளி இன்னும் கவனிக்கவில்லை. திருத்த வந்துவிடாதீர்கள். மறுபடி உள்ளே கூப்பிட்டு மணி அடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் சொன்ன வார்த்தையை எழுதவில்லை. சாப்பாடு இப்போது இறங்குகிறதா?

உங்கள் மாப்பிள்ளை